அந்த ஓர் ஆண்டு ஓய்வு அல்ல, அண்ணே

அண்ணே, சாமி,

இரண்டு பெயராலும் கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். வீட்டுக்குள் அண்ணன், கோயில் வாசல் மிதித்துவிட்டால் சாமி. நீங்கள் குருப்பட்டம் வாங்கிய அன்று அம்மாவே உங்கள் முன்னால் முழங்காலில் நின்று ஆசீர்வாதம் கேட்டாள். நீங்கள் பதறிப்போய் அவளைத் தூக்கினீர்கள். இப்போது இருக்கிற இடத்தில் எந்தப் பெயர் எடுபடும் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் எழுதியிருக்கிறேன், ஏதாவது ஒன்றுக்குத் திரும்பிப் பாருங்கள்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கண்மூடி ஓராண்டு நிறைந்ததற்கான ஆண்டுப் பூசை போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. மறுநாளே, நான் இனிமேல் பூசையில் வேதாகம வாசகம் வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் நீங்கள்தான். வருத்தப்படாதீர்கள், நான் வருத்தப்படவில்லை. கோயிலில் வாய் திறக்க விடாததால் இதை எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

ஸ்தனிஸ்லாஸ் ஐயா மழையோடு மழையாக எங்கள் தோட்டத்துக்கு வந்தார். நீங்கள் கடைசியாகப் பங்குச்சாமியாக இருந்த, எங்கள் தோட்டமும் சேர்ந்த பங்குக் கோயிலின் சபைச் செயலாளர், ஒரு காலத்தில் தேயிலை ஃபெக்டரியில் கிளாக்கராக இருந்தவர். பஸ்ஸை விட்டு இறங்கிக் குறுக்குப் பாதையில் ஏறியிருக்கிறார், காற்சட்டை ஓரமெல்லாம் அட்டை. வாசலில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, "ரெஜினாம்மா, உப்பு! உப்பு!" என்று சத்தம் போட்டார். நான் உப்பைக் கொண்டுவந்து தேய்க்கத் தேய்க்க, அவர் ஒரு கையால் கதவைப் பிடித்தபடி மறுகையால் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஆண்டுப் பூசையில் உறவுக்காரர் ஒருவர் உங்கள் வாழ்க்கைக் குறிப்பை வாசிக்க வேண்டுமாம். உறவு என்று மிஞ்சியிருப்பது நான்தானே.

பிறந்தது, படித்தது, குருவானது, எந்தப் பங்கில் என்ன கட்டினீர்கள் என்பது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசி வரியில் நின்றுவிட்டேன். இறுதி ஆண்டில் உடலும் உள்ளமும் சோர்வுற்று, ஊழியத்திலிருந்து ஒதுங்கி, தங்கையின் இல்லத்தில் ஓய்வில் இருந்தாராம்.

"இது யாரப் பத்தி ஐயா?"

"என்னம்மா கேள்வி? நம்ம சாமியப் பத்தி."

"எங்கண்ணன் ஓய்வுல இருந்தாரா? லயத்து வீடுகளுக்குப் பின்னால அடச்சிக் கெடந்த தண்ணிக் கான வெட்டி விட்டது யாரு, விருந்தாளியா?"

"அது சரிதாம்மா..."

"உள்ளம் சோர்வுன்னா என்ன? பைத்தியம்னு எழுத வெக்கப்பட்டு இப்பிடி எழுதியிருக்கீங்களா?"

அவர் காலைக் கீழே வைத்தார். "காலத் தூக்குங்க, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றேன். மறுபடி தூக்கிக்கொண்டார், பாவம்.

"அம்மா, தோட்டத்துல போன்ல எடுத்த அந்தப் படம் ஆயர் வீடு வரைக்கும் போயிருக்கு. சாமிக் கல்லுக்கு முன்னால, கற்பூரப் பொகையில, கையில தேயிலக் கொழுந்தோட நம்ம சாமி நிக்கிறாரு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? சுகமில்லாம இருந்தாருன்னு சொல்லிட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நான் அவரக் காப்பாத்தப் பாக்கிறேன்மா. எனக்கு மட்டும் இது ஆசையா?"

அவருக்குக் கண் கலங்கியது. நடிப்பில்லை, அண்ணே. அந்த மனிதர் உங்களை உண்மையாகவே நேசித்தவர். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது.

"உசுரோட இருந்தப்ப காய்ச்சல்ல இருந்தே யாராலயும் காப்பாத்த முடியல. இப்ப எதுல இருந்து காப்பாத்துறீங்க ஐயா?"

"பேச்சுல இருந்து."

"பேசட்டும். உள்ளதப் பேசட்டும்."

தாளை வாங்கி வைத்துக்கொண்டேன், தேத்தண்ணி கொடுத்தேன், குடையும் கொடுத்து அனுப்பினேன். வாசிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நான் வீட்டுக் கணக்கைப் பிசகாமல் எழுதுகிறவள். அதற்கு நீங்கள் செய்யாத கேலியா? "மோட்ச வாசல்ல சாவியோட நிக்கிற ராயப்பருக்குக் கணக்குப் பிசகினா ஒன்னத்தான் கூப்பிடுவாரு" என்பீர்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். மிச்சத்தை நீங்கள் போட்டுவிட்டுப் போன புத்தகங்களையும் வேதாகமத்தையும் வைத்து நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதனால் பெரிய வாதம் எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் ஓர் ஆண்டை விட்டுவிட்டுக் கூட்டின கணக்கில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று, இதை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நீங்களும் கேட்டுக்கொண்டிருங்கள், பிழையிருந்தால் கனவில் வந்து திருத்துங்கள்.

நெடுங்காலம் ஊழியம் செய்த குருமாருக்கு ஓராண்டு விடுப்புக் கொடுப்பார்களாம், படிக்கலாம், யாத்திரை போகலாம், தியானம் செய்யலாம். உங்களுக்கும் ஆயர் கொடுத்தார். நீங்கள் முதலில் போனது புனித நாட்டுக்கு. ஊரே உங்களை வழியனுப்பியது. எனக்கு ஒலிவ மரத்துச் செபமாலை கொண்டுவரச் சொல்லியிருந்தேன், கொண்டுவந்தீர்கள். ஆனால் திரும்பி வந்த ஆள் போன ஆள் இல்லை. அடுத்து ரோமாபுரிக்குப் போக வேண்டியவர், அதை வேண்டாம் என்றுவிட்டு, அங்கியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாதாரணக் காற்சட்டை சட்டையோடு இந்த மலைகளுக்குள் ஏறிவிட்டீர்கள். கலவானையில் துண்டுத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிற ஒரு வீட்டில் தங்கினீர்கள். கஹவத்தையில் ரப்பர் பால் வெட்டுகிற ஒரு குடும்பத்தோடு விடியலில் நடந்தீர்கள். அங்கே கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒருவர் உங்களைப் பிடித்து வைத்து, "தம்பிக்கு என்ன தொழில்?" என்று கேட்க, "இப்ப லீவுல இருக்கேன்" என்றீர்களாம். "அப்ப இந்த மூட்டைய ஒரு கை புடிங்க" என்றாராம். பிடித்தீர்கள். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை தடவை சிரித்திருப்பீர்கள்!

கடைசியில் றக்வானைக்கு மேலே எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தீர்கள். வியர்த்து, கால் கடுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றீர்கள்.

"ஏண்ணே, பஸ்ஸுல எடம் இல்லியா?"

"இருந்துச்சு. மதகுருமாருக்குன்னு முன்னால வச்சிருக்கிற சீட்டு. ஒரு புத்த ஹாமதுரு உக்காந்திருந்தாரு, பக்கத்துல காலி. நான் பழக்கத்துல அங்க போயிட்டேன். கண்டக்டர் என் தோளப் புடிச்சி, சிங்களத்துல 'பஸ்ஸட்ட யன்ன, பஸ்ஸட்ட யன்ன'ன்னு பின்னால தள்ளிட்டான். றக்வான வரைக்கும் நின்னுக்கிட்டு வந்தேன்."

"சாமின்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாமான்னு யோசிச்சேன். சொல்றதுக்கு என்ன அத்தாட்சி இருக்குன்னும் யோசிச்சேன்."

அந்தப் பதில் எனக்கு அன்று விளங்கவில்லை. அடுப்படியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் முழுதாகச் சொன்னீர்கள். பலகையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டே, கையை நிறுத்தாமல் சொன்னீர்கள்.

"எனக்கு செபம் வரல தங்கச்சி. ரொம்ப நாளா. வாய் சொல்லுது, உள்ள ஒண்ணும் இல்ல. அங்க போனா வரும்னு நெனச்சேன். ஆண்டவர் கல்லறை வாசல்ல எவ்வளவு பெரிய வரிசை தெரியுமா? என் மொறை வந்துச்சு, குனிஞ்சி உள்ள போனேன். காலியா இருந்துச்சு. அவரு உயிர்த்துட்டாரு, அது காலியா இருக்குன்னுதானே அத்தன பேரும் அழுகிறாங்க, முத்தம் குடுக்கிறாங்க. எனக்கு வெறும் காலியா இருந்துச்சு."

நான் செபமாலையை ஒருநாளும் விட்டவள் இல்லை. காய்ச்சலிலும் விட்டதில்லை, பிள்ளைப்பேற்றிலும் விட்டதில்லை. ஒரு சாமியார் இப்படிச் சொன்னால் நான் நடுங்கியிருக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நான் நடுங்கவில்லை. பசிக்கவில்லை என்று சொல்கிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி உங்களைப் பார்த்தேன்.

"வரலன்னா விடுங்கண்ணே. நாங்க செபிக்கிறோம், நீங்க ஆமென் மட்டும் சொல்லுங்க."

"ஆமெனும் வரலன்னா?"

"அப்ப சும்மா இருங்க. சும்மா இருக்கிறவங்களுக்கும் சேத்துத்தான் செபம். தேங்காயப் பாத்துத் துருவுங்க, செரட்டையெல்லாம் சேந்து விழுது."

எங்கள் தோட்டத்துச் சின்னக் கோயிலுக்கு மாதத்துக்கு ஒருமுறைதான் சாமி வருவார். மற்ற ஞாயிறுகளில் நாங்களே கூடி வாசித்து, நாங்களே பாடி, நாங்களே வேண்டிக்கொள்வோம். அந்த ஞாயிறுகளில் நீங்கள் பின்னால் பாயில் உட்கார்ந்தீர்கள். பெரிய கலவரமே வந்தது. "சாமி கீழ ஒக்காந்தா நாங்க எங்க போயி ஒக்காருறது?" என்று கிழவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, எடம் இருக்கு" என்றீர்கள். பிறகு ஒருவரும் கேட்கவில்லை. நான் வாசித்தேன், நீங்கள் கேட்டீர்கள். முடிந்து வெளியே வரும்போது, "இத்தன காலம் பிரசங்கம் வச்சேன், ஒருநாளும் ஒக்காந்து கேட்டதில்ல" என்று மட்டும் சொன்னீர்கள்.

இனி அந்தப் படம்.

கவ்வாத்து வெட்டிய தேயிலை மலை துளிர்த்து வந்து, முதல்முதலாகக் கொழுந்தெடுக்கிற நாளில் ஒரு வழக்கம் உண்டு. மலை ஓரத்துச் சாமிக் கல்லுக்குக் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, மூத்தவர் ஒருவர் முதல் கொழுந்தைக் கிள்ளி "பொலி!" என்று குரல் கொடுப்பார். பெருகட்டும், கூடை நிறையட்டும் என்று அர்த்தம். மாதா படத்தைக் கழுத்தில் போட்டவர்களும் விபூதி பூசியவர்களும் ஒரே நிரையில் நின்று திருப்பிச் சொல்வார்கள். எங்கள் தோட்டத்தில் யாரும் அதை இந்த மதம் அந்த மதம் என்று பிரித்துப் பார்த்ததில்லை. மழைக்கும் அட்டைக்கும் மதம் இல்லையே.

நீங்கள் வேடிக்கை பார்க்க வந்தீர்கள். நான் உங்களுக்குத் தேத்தண்ணி போத்தலோடு வந்தேன். அந்த நிரையில் மூத்தவர் பழனியம்மா அக்கா. கற்பூரத் தட்டோடு நின்றவர் உங்களைப் பார்த்ததும், "சாமி இருக்கையில நான் எதுக்கு? சாமி, வாங்க, நீங்களே சொல்லுங்க" என்றார்.

நீங்கள் தயங்கினீர்கள். கல்லைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். அக்காவுக்கு விளங்கிவிட்டது.

"கல்லுக்கு நான் கும்புட்டுக்கிறேன் சாமி. நீங்க கூடைக்குச் சொல்லுங்க. அதுல ஒங்களுக்கு ஒண்ணும் கொறஞ்சிராது."

குனிந்து ஒன்றைக் கிள்ளினீர்கள். "பொலி" என்றீர்கள். முதல் தடவை பலமாக வரவில்லை. இரண்டாம் தடவை மலை முழுக்கக் கேட்டது. பெண்கள் எல்லாரும் "பொலி! பொலி!" என்று திருப்பிக் கொடுத்தார்கள். பழனியம்மா அக்கா உங்கள் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயோ சாமி, முத்தின எலையக் கிள்ளியிருக்கீங்களே! இத கூடையில போட்டா கணக்கப்புள்ள எம்பேர வெட்டிச் சம்பளத்த இல்லாம ஆக்கிப்புடுவாரு!" என்றார். ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் யாரோ போனில் படம் எடுத்தார்கள். படத்தில் புகை இருக்கிறது, கல் இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள். சிரிப்பு மட்டும் படத்தில் இல்லை.

இறங்கி வரும் வழியில், மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் முகம் கழுவிவிட்டுச் சொன்னீர்கள். "எனக்குன்னு ஒண்ணும் கேக்கல. அந்தப் பொம்பளைங்க கூடை நெறையணும்னு மட்டும் கேட்டேன். வாயும் உள்ளயும் ஒண்ணா கேட்டுச்சு. அது செபம்தானே, தங்கச்சி?"

"வேறென்ன?" என்றேன்.

"திரும்பிப் போயி மொதப் பிரசங்கத்துல இதத்தான் சொல்லப் போறேன். செபம் வராம இவ்வளவு நாள் கெடந்தேன்னும் சொல்லப் போறேன்."

"சனங்க என்ன நெனைப்பாங்க?"

"சனங்களுக்கும் வராது தங்கச்சி, எத்தனையோ பேருக்கு. எங்களுக்குப் பயந்து வாய அசைக்கிறாங்க. நான் மொதல்ல சொன்னாத்தான் அவங்களும் சொல்லுவாங்க."

அந்தப் பிரசங்கத்தை வைக்க உங்களுக்கு நாள் கிடைக்கவில்லை. பெருமழை வந்து லயத்துக்குப் பின்னால் கான் அடைத்து, தண்ணீர் வீட்டுக்குள் ஏறப் பார்த்தது. நீங்களும் எங்கள் வீட்டுக்காரரும் மண்வெட்டியோடு இறங்கினீர்கள். காலில் கீறல் இருந்ததை நீங்களும் பொருட்படுத்தவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. பிறகு காய்ச்சல், கண் மஞ்சளானது, இரத்தினபுரி பெரியாஸ்பத்திரி. எலிக்காய்ச்சல் என்றார்கள். அந்த ஆண்டில் நீங்கள் படுத்திருந்தது அந்தக் கடைசி நாட்கள் மட்டும்தான். அதைப் பிடித்து இழுத்து ஓர் ஆண்டு முழுக்கப் போர்த்தப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். பழனியம்மா அக்காவும் நிரைப் பெண்களும் ஒரு வேன் பிடித்து வந்து கடைசி வாங்குகளில் உட்கார்ந்தார்கள். நற்கருணை முடிந்ததும் என் பெயரைச் சொன்னார்கள். தாளோடு ஏறினேன். பிறந்தது, படித்தது, குருவானது, கட்டினது எல்லாம் எழுத்துப் பிசகாமல் வாசித்தேன். கடைசி வரி வந்ததும் தாளை மடித்தேன்.

"எங்கண்ணன் ஓய்வுல இருக்கல. அவருக்கு செபம் வராம இருந்துச்சு. அத மறைக்காம, அங்கிய மறைச்சி வச்சிட்டு, தேடப் போனாரு. புனித நாட்டுல தேடினாரு, கெடைக்கல. தோட்டத்துல, மத்தவங்க கூடை நெறையணும்னு கேட்டப்ப கெடச்சிச்சி. இத அவரே இந்த எடத்துல நின்னு ஒங்ககிட்ட சொல்லணும்னு இருந்தாரு. நாள் கெடைக்கல. அதனால நான் சொல்றேன்."

ஸ்தனிஸ்லாஸ் ஐயா பாடகர் பக்கம் கையை ஆட்டினார். கீபோர்ட் தொடங்கியது. நான் குரலைக் கூட்டினேன். "ஒங்கள்ல யாருக்காவது செபம் வரலன்னா, அதுக்குப் பேரு பைத்தியம் இல்ல. எங்கண்ணனும் அங்கதான் இருந்தாரு." கீபோர்ட் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது, அண்ணே. பாடகர்கள் ஒருவரும் பாடவில்லை. நான் இறங்கி வந்து உட்காரும் வரை அது தனியாகவே வாசித்தது.

புதிய பங்குச்சாமி என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்னதுல பொய் இல்ல. ஆனா சொல்ற எடம் இது இல்ல" என்றார். வேறு எந்த இடம் என்று கேட்டேன். அவர் சின்ன வயது, யோசிக்கட்டும்.

வெளியே மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில், டவுன்காரப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்தாள். முன்பின் தெரியாதவள், பட்டுச்சேலை கட்டியிருந்தாள். "அக்கா, எம்மக தவறிப் போனதுல இருந்து எனக்கும் வரல. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வாய மட்டும் அசைச்சிட்டுப் போறேன். எனக்கு மட்டும்தான் இப்பிடின்னு நெனச்சேன்" என்றாள். என் கையை விடாமல் அழுதாள். அவள் அழுதது உங்கள் பிரசங்கத்துக்கு, அண்ணே. என் பேச்சுக்கு இல்லை.

மறுநாள் ஸ்தனிஸ்லாஸ் ஐயா எனக்குப் போன் எடுத்தார்.

"கொஞ்ச நாளைக்கு வாசகம் வேணாம்மா. சபை முடிவு."

"எவ்வளவு நாளைக்கு ஐயா?"

"பேச்சு அடங்குற வரைக்கும்."

"அடங்காது ஐயா. நான் இருக்கேன்ல."

அவர், "அட்டை கடிச்ச எடம் இன்னும் அரிக்குது" என்றார். தேங்காயெண்ணெய் போடச் சொன்னேன்.

உங்களிடம் சில கேள்விகள் இருக்கின்றன. அங்கே போனதும் செபம் தானாக வந்ததா? அல்லது ஆண்டவர் முகத்துக்கு நேரே நிற்கும்போது அதற்குத் தேவையே இல்லையா? உங்களை அங்கே முன்னால் உட்கார வைத்தார்களா, பின்னால் தள்ளினார்களா? தள்ளினாலும் நீங்கள் சிரித்திருப்பீர்கள்.

நான் இந்தக் கோயிலை விட்டுப் போக மாட்டேன். போவேன் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். சபை வேண்டாம் என்றால் மேடையில்தான் வாசிக்க மாட்டேன், முழங்காலில் நிற்பதை யாரும் தடுக்க முடியாது. என் நம்பிக்கை ஒரு துளியும் குறையவில்லை. உங்களுக்குச் செபம் வராத நாட்களில் உங்களை அருகில் வைத்துக்கொண்டு செபித்தவள் நான். அப்போது குறையாதது இப்போது குறையுமா?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி யார் வந்து உங்களைப் பற்றிக் கேட்டாலும், ஆயர் கேட்டாலும் அடுத்த வீட்டுப் பிள்ளை கேட்டாலும், அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குவேன். நீங்கள் எங்கே பிறந்தீர்கள், எங்கே படித்தீர்கள், எத்தனை கோயில் கட்டினீர்கள் என்பதையெல்லாம் நேரம் இருந்தால் சொல்வேன். நேரம் இல்லாவிட்டால், விடுபடுவது அதுவாக இருக்கட்டும்.

உங்களுக்காக இன்னும் வாய் மூடாத,
உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி
ரெஜினா